பாக்டீரிய நொதிகளைக் கொண்டு சோதனைக் குழாயில் நியூக்ளிக் அமிலச் சங்கிலி கட்டுவது எப்படி?

நியூக்ளியோடைடுகளை நீரில் கரைத்து ஒரு குழாயில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் அவை தாமாகக் கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலியாவதில்லை. அதே குழாயில் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த உரிய நொதியைச் சில மைக்ரோ லிட்டர் சேர்த்து, மக்னீசியம் அயனியும் கொடுத்து, 37 டிகிரி செல்சியசில் வைத்தால், ஓரிரு மணி நேரத்தில் கரைசல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பாகுத்தன்மை அடையலாம். உயிர்வேதியியல் படிக்கும் முதுகலை மாணவர்கள் இந்த மாற்றத்தைத் தம் கையாலேயே நிகழ்த்திப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாடநூலில் ஒரே வரியில் கடந்துபோகும் சமன்பாடு, குழாயில் நிகழ்த்திப் பார்க்கும்போதுதான் எத்தனை நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டது என்பது புலப்படும். பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவருடன் ஆய்வகத்தில் இதைச் செய்ய முனைவோருக்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் பிணைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

எந்த நொதியைப் பயன்படுத்தினாலும் அடிப்படை வேதிவினை ஒன்றுதான். வளரும் சங்கிலியின் கடைசிச் சர்க்கரையில், மூன்றாம் கார்பனில், ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தனித்து நிற்கிறது. இதையே 3' முனை என்கிறோம். புதிதாக வரும் நியூக்ளியோடைடின் ஐந்தாம் கார்பனில் பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த ஹைட்ராக்சில், வரும் நியூக்ளியோடைடின் சர்க்கரைக்கு மிக அருகில் உள்ள பாஸ்பேட்டைத் தாக்கிப் பிணைகிறது; அதற்கு அப்பால் இருந்த பாஸ்பேட் பகுதி கழன்று வெளியேறுகிறது. இணைப்புக்கு வேண்டிய ஆற்றல் அந்தக் கழற்சியிலிருந்தே கிடைக்கிறது. எனவே ஒற்றைப் பாஸ்பேட் மட்டுமே உள்ள நியூக்ளியோடைடை எவ்வளவு கொடுத்தாலும் இந்நொதிகள் அதைக் கோக்க மாட்டா. கழற்றிவிட அதனிடம் எதுவும் இல்லை.

வெளியேறும் பகுதி எது என்பதில்தான் நொதிகள் இரு வகையாகப் பிரிகின்றன. பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேஸ் என்னும் நொதி, இரு பாஸ்பேட் கொண்ட நியூக்ளியோடைடுகளான டைபாஸ்பேட்டுகளை ஏற்கிறது. ஒவ்வொரு கோப்பின்போதும் ஒரு கனிமப் பாஸ்பேட் வெளியேறுகிறது. டி.என்.ஏ. பாலிமரேசும் ஆர்.என்.ஏ. பாலிமரேசும் மூன்று பாஸ்பேட் கொண்ட டிரைபாஸ்பேட்டுகளை ஏற்கின்றன. அங்கே வெளியேறுவது இரு பாஸ்பேட்டுகள் சேர்ந்த பைரோபாஸ்பேட். செல்லுக்குள் பைரோபாஸ்பேட்டேஸ் என்னும் இன்னொரு நொதி அந்தப் பைரோபாஸ்பேட்டை உடனே இரண்டாகப் பிளந்துவிடுவதால் வினை பின்னோக்கித் திரும்ப வழியில்லாமல் போகிறது. பாஸ்பாரிலேசுக்கு அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. அது எந்த வழியில் கட்டுகிறதோ அதே வழியில் பிரிக்கவும் செய்யும். கட்டுவதா பிரிப்பதா என்பதைக் கரைசலில் உள்ள பாஸ்பேட்டின் அளவே முடிவு செய்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பல எச்சரிக்கைகளின் காரணம் தானே விளங்கும்.

சுருக்கப் பெயர்களைப் பற்றி ஒரு சொல்: தமிழில் எழுதும்போது டைபாஸ்பேட்டும் டிரைபாஸ்பேட்டும் 'ஏ.டி.பி.' என்ற ஒரே சுருக்கத்தில் வந்து நின்று குழப்பும். குறிப்பேட்டிலும் குழாயின் மேல் ஒட்டும் சீட்டிலும் முழுப்பெயரையே எழுதுங்கள். இந்தச் சோதனையில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஊற்றினால் வினை அறவே நிகழாது.

அந்த வேறுபாடே பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேசின் கண்டுபிடிப்புக்கும் வழிவகுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவேரோ ஒச்சோவாவின் ஆய்வகத்தில் பணியாற்றிய மரியான் குருன்பெர்க்-மனாகோ, அசோட்டோபாக்டர் என்னும் மண் பாக்டீரியாவின் சாற்றில் அடினோசின் டிரைபாஸ்பேட்டும் கதிரியக்கப் பாஸ்பேட்டும் இடம் மாறிக்கொள்வதைக் கண்டார். ஆனால் மேலும் தூய்மையான டிரைபாஸ்பேட்டைப் பயன்படுத்தியபோது அந்த மாற்றம் நின்றுபோயிற்று. முந்தைய மாதிரியில் மாசாகக் கலந்திருந்த அடினோசின் டைபாஸ்பேட்டே உண்மையான வினைபொருள் என்று அவர் பின்தொடர்ந்து கண்டறிந்தார். அதன் விளைவாக உருவானது ஆர்.என்.ஏ.யை ஒத்த நீண்ட சங்கிலி என்பது 1955-இல் வெளியாயிற்று. ஒரு வினை நின்றுபோனதைத் தோல்வி என்று ஒதுக்காமல் 'ஏன் நின்றது?' என்று கேட்ட அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நொதியும் மற்றப் பொருள்களும்

தொடக்கத்துக்குப் பாலிநியூக்ளியோடைடு பாஸ்பாரிலேசே மிகப் பொருத்தமானது. அதற்கு வார்ப்புரு (பார்த்து நகலெடுப்பதற்கான இழை) வேண்டாம், நான்கு வகை நியூக்ளியோடைடும் ஒருசேர வேண்டாம், ஒரே வகை டைபாஸ்பேட் போதும். மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ், ஈ. கோலை ஆகிய பாக்டீரியாக்களின் நொதிகள் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஈ. கோலை நொதி மூன்று ஒத்த உபஅலகுகள் வளையமாகச் சேர்ந்தது. ஒவ்வோர் உபஅலகிலும் 711 அமினோ அமிலங்கள் உள்ளன. வளையத்தின் நடுத்துளை வழியேதான் ஆர்.என்.ஏ. இழை உள்ளே நுழைகிறது.

ஆர்.என்.ஏ.யைக் கையாளும் எவரும் முதலில் அஞ்ச வேண்டியது ரைபோநியூக்ளியேஸ் என்னும் சிதைக்கும் நொதியைத்தான். அது நம் விரல் தோலில் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் எளிதில் அழிவதில்லை. கையுறை அணிந்து, அதை அடிக்கடி மாற்றுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 180 டிகிரியிலோ அதற்கு மேலோ பல மணி நேரம் உலர்வெப்பத்தில் வைத்து எடுங்கள். நீரை டைஈதைல் பைரோகார்பனேட்டால் பதப்படுத்தி, அழுத்த அனலில் (ஆட்டோகிளேவ்) வைத்து எஞ்சியதை நீக்கிய பிறகு பயன்படுத்துங்கள். பி.எச். அளவை மாறாமல் காக்கும் டிரிஸ் தாங்கல் கரைசலில் அந்தப் பொருளை நேரே சேர்க்கக் கூடாது. டிரிசின் அமினோ தொகுதியோடு அது வினைபுரிந்து வீணாகிவிடும். பதப்படுத்திய நீரில் டிரிசைக் கரைப்பதே சரியான வரிசை.

யூரிடின் அலகுகள் மட்டுமே கொண்ட பாலி-யு சங்கிலியைக் கட்டுவதற்கான ஒரு மி.லி. கலவையை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பி.எச். 8.1 உள்ள 1 மோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு 100 மைக்ரோ லிட்டர், 100 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு 100 மைக்ரோ லிட்டர், 10 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் பொருள்) 40 மைக்ரோ லிட்டர், 100 மில்லிமோலார் யூரிடின் டைபாஸ்பேட் 200 மைக்ரோ லிட்டர், பதப்படுத்திய நீர் 510 மைக்ரோ லிட்டர் ஆகியவற்றைப் பனிக்கட்டியில் வைத்த குழாயில் சேர்த்து, மெதுவாகக் கலக்கி, கடைசியாக நொதிக் கரைசல் 50 மைக்ரோ லிட்டரைச் சேருங்கள். இதில் டிரிஸ் 100 மில்லிமோலார், மக்னீசியம் 10 மில்லிமோலார், டைபாஸ்பேட் 20 மில்லிமோலார் என்று அமையும். இவற்றைத் தொடக்கப் புள்ளிகளாகவே கொள்ளுங்கள்; நொதியின் தூய்மையும் மூலமும் மாறும்போது சிறந்த அளவுகளும் மாறும். குறிப்பாக மக்னீசியத்தைத் தனியாகக் கணக்கிடாமல் டைபாஸ்பேட்டோடு சேர்த்தே கணக்கிடுங்கள். டைபாஸ்பேட் தன் பங்குக்கு மக்னீசியத்தைப் பற்றிக்கொள்வதால், ஒன்றைக் கூட்டி மற்றொன்றை விட்டுவிட்டால் வேகம் எதிர்பாராமல் குறையும்.

டைபாஸ்பேட்டின் செறிவைப் புட்டியின் சீட்டைப் பார்த்து நம்ப வேண்டாம். அது ஈரத்தையும் உப்பையும் சேர்த்து எடையிட்டதாக இருக்கலாம். 100 மில்லிமோலார் என்று நீங்கள் கருதும் யூரிடின் டைபாஸ்பேட் கரைசலை 5,000 மடங்கு நீர்த்து, 262 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால், அதன் மோலார் உறிஞ்சல் கெழு ஏறக்குறைய 10,000 என்பதால் 0.2 என்ற அளவு வர வேண்டும். 0.15 வந்தால் உங்களிடம் இருப்பது 75 மில்லிமோலார்தான்.

முதன்மைக் குழாயோடு மூன்று ஒப்பீட்டுக் குழாய்களையும் அதே நேரத்தில் தொடங்குங்கள். ஒன்றில் நொதி இருக்கக் கூடாது. இன்னொன்றில் மக்னீசியம் இருக்கக் கூடாது, மாறாக இ.டி.டி.ஏ. கூடுதலாக இருக்க வேண்டும். மூன்றாவதில் டைபாஸ்பேட்டுக்குப் பதிலாக யூரிடின் மோனோபாஸ்பேட் இருக்க வேண்டும். இவை நேர விரயம் என்று தோன்றலாம். ஆனால் இந்த மூன்றும் அசையாமல் நிற்க, நான்காவது மட்டும் நகர்ந்தால்தான் நீங்கள் பார்ப்பது உண்மையிலேயே சங்கிலி கட்டும் வினை.

வினையை அளத்தல்

குழாய்களை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்த கணத்தைச் சுழி நேரமாகக் கொண்டு, 0, 15, 30, 60, 120, 180 ஆகிய நிமிடங்களில் மாதிரி எடுங்கள். நொதி மிகத் தூய்மையானதாக இருந்தால் முதல் சில நிமிடங்கள், சில சமயம் அதற்கும் மேல், எதுவும் நிகழாதது போல் இருக்கும். இந்தத் தொடக்கத் தேக்கத்தைக் கண்டு நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 3' முனை தனித்திருக்கும் குட்டையான ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சிறிதளவு சேர்த்தால் தேக்கம் நீங்கி வினை உடனே வேகமெடுக்கும். அந்தத் துண்டின் முனையிலேயே நொதி கோக்கத் தொடங்கிவிடுகிறது.

வெளியேறும் கனிமப் பாஸ்பேட்டை அளப்பது எளிய வழி. 20 மைக்ரோ லிட்டர் மாதிரியை அமில மாலிப்டேட்டுடன் கலந்து ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். 660 நானோமீட்டரில் அளந்து, தெரிந்த அளவு பாஸ்பேட் கொண்டு வரைந்த கோட்டோடு ஒப்பிட வேண்டும். இது ஃபிஸ்க், சுப்பாராவ் இருவரின் பெயரால் வழங்கும் முறை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1925-இல் இதை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் ஆய்வகங்களில் அது வழக்கில் இருப்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதமே மேலிடுகிறது. நிறம் தோன்றியதும் தாமதிக்காமல் அளவிடுங்கள். எஞ்சியுள்ள டைபாஸ்பேட்டின் கடைசிப் பாஸ்பேட் அமிலத்தில் மெல்ல மெல்லக் கழலும். அரை மணி நேரம் கழித்துப் படித்தால் இல்லாத வினை இருப்பதுபோல் தோன்றும்.

ஆனால் பாஸ்பேட் வெளியேறியது என்பதால் மட்டும் சங்கிலி உருவாயிற்று என்று சொல்லிவிட முடியாது. நொதி மாதிரியில் சிறிதளவு பாஸ்பேட்டேஸ் கலந்திருந்தால், அது டைபாஸ்பேட்டை வெறுமனே உடைத்து அதே நீலநிறத்தைத் தரும். குழாயில் ஒரு சங்கிலியும் இராது. ஆகவே இரண்டாவது அளவீடு கட்டாயம். நீண்ட நியூக்ளிக் அமிலம் குளிர்ந்த அமிலத்தில் கரையாது. தனி நியூக்ளியோடைடுகளும் குட்டைத் துண்டுகளும் கரையும். இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் இத்துறையின் தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் எழுந்தன. 50 மைக்ரோ லிட்டர் மாதிரியை எடுத்து, சங்கிலியோடு சேர்ந்து வீழ்படிவாவதற்காகச் சிறிது ஆல்புமின் புரதம் சேர்த்து, பனிக்கட்டியில் குளிர்ந்த நீர்த்த பெர்குளோரிக் அமிலத்தால் ஒரு மி.லி. ஆக்கி, 15 நிமிடம் வைத்து, மையவிலக்கில் சுழற்றி, மேல்நீரை 20 மடங்கு நீர்த்து 260 நானோமீட்டரில் அளவிடுங்கள். தொடக்கத்தில் 0.5-க்கு அருகில் இருக்கும் அளவு, டைபாஸ்பேட்டில் பாதி சங்கிலிக்குள் போனதும் 0.25-க்கு அருகில் இறங்கும். பலரும் பழக்கத்தால் எடுக்கும் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் அந்த அலைநீளப் பகுதியில் தானே ஒளியை உறிஞ்சுவதால் இந்த அளவீட்டுக்கு உகந்ததன்று. கதிரியக்க முறையில் வடிதாள் வழியே எண்ணுவோருக்கு அது நன்றாகப் பயன்படும். இரு அமிலங்களும் தோலையும் கண்ணையும் கடுமையாகப் பாதிப்பவை; பாதுகாப்புக் கண்ணாடி இன்றி அவற்றைத் தொடாதீர்கள்.

இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மி.லி. கலவையில் உள்ள டைபாஸ்பேட் 20 மைக்ரோமோல். பாதி வினைபட்டால் 10 மைக்ரோமோல் பாஸ்பேட் வெளிவரும். 10 மைக்ரோமோல் யூரிடின் அலகு அமிலத்தில் கரையாத பகுதிக்குச் செல்லும். ஓர் அலகின் எடை ஏறக்குறைய 306 என்பதால் கிடைக்கும் சங்கிலி 3 மில்லிகிராம் அளவு இருக்கும். பாஸ்பேட் 10 என்றும் கரையாத பகுதி 4 என்றும் வந்தால் மீதமுள்ள 6-ஐப் பாஸ்பேட்டேசோ ரைபோநியூக்ளியேசோ தின்றிருக்கிறது. நொதியை மேலும் தூய்மைப்படுத்தாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வினை எப்போதும் முழுமையடையாது. பாஸ்பேட் சேரச் சேரப் பின்வினை வலுப்பெற்று, ஒரு நிலையில் கட்டுதலும் பிரித்தலும் சமமாகிவிடும். இதை நேரில் காண விரும்பினால், சமநிலை எட்டிய குழாயிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அதில் மிகையான பாஸ்பேட்டைச் சேர்த்து மேலும் இரண்டு மணி நேரம் வையுங்கள். அமிலத்தில் கரையாத பகுதி குறைந்து, டைபாஸ்பேட் மீண்டும் தோன்றும். செல்லுக்குள் பாஸ்பேட் எப்போதும் மிகுந்திருப்பதால் இந்நொதி அங்கே பெரும்பாலும் தூது ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் பணியையே செய்கிறது, ஈ. கோலையில் அது ரைபோநியூக்ளியேஸ்-ஈ உள்ளிட்ட நொதிகளுடன் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து இயங்குகிறது. பாக்டீரியா தன் ஆர்.என்.ஏ.யை இந்நொதியைக் கொண்டுதான் எழுதுகிறது என்று 1955-இல் எழுந்த எதிர்பார்ப்பு நிலைக்கவில்லை. ஆயினும், குழாயில் அது கட்டித் தந்த சங்கிலிகள் இல்லாமல் மரபுக் குறியீடு அவ்வளவு விரைவில் அவிழ்ந்திருக்காது.

சங்கிலியை வெளியெடுத்துச் சரிபார்த்தல்

கூடுதல் இ.டி.டி.ஏ. சேர்த்து வினையை நிறுத்துங்கள். ஃபீனால், குளோரோஃபார்ம் கலவையால் புரதத்தை நீக்கி, சோடியம் அசிட்டேட்டை 0.3 மோலார் அளவுக்குச் சேர்த்து, இரண்டரை மடங்கு குளிர்ந்த எத்தனாலில் வீழ்படிவாக்கலாம். வினைபடாத டைபாஸ்பேட்டும் ஓரளவு சேர்ந்தே படிவதால் வீழ்படிவை மீண்டும் கரைத்து, முதலில் சிறிது இ.டி.டி.ஏ. கலந்த உப்புக் கரைசலுக்கும் பிறகு நீருக்கும் எதிராக டயாலிசிஸ் செய்வது நல்லது. மக்னீசியத்தை நீக்காமல் காரக் கரைசலிலோ சூட்டிலோ வைத்தால் கட்டிய சங்கிலி கண்முன்னே உடையும்.

அடினோசின் டைபாஸ்பேட்டைக் கொண்டு இதே முறையில் பாலி-ஏ சங்கிலியையும் கட்டிக்கொள்ளுங்கள். அப்போது இச்சோதனையின் மிக அழகான சரிபார்ப்பைச் செய்யலாம். பி.எச். 7, சோடியம் குளோரைடு 0.1 மோலார் என்ற நிலையில், ஒரே அலகுச் செறிவு உள்ள பாலி-ஏ, பாலி-யு கரைசல்களைச் சம அளவில் கலந்து 260 நானோமீட்டரில் பாருங்கள். இரண்டின் சராசரியாக நிற்க வேண்டிய ஒளி உறிஞ்சல், கலந்த சிறிது நேரத்தில் 30 சதவீதம் அளவுக்குக் கீழே இறங்கும். இரு இழைகளும் ஒன்றையொன்று தேடிப் பிடித்து இரட்டைச் சுருளாகிவிட்டன. 1956-இல் அலெக்சாண்டர் ரிச்சும் டேவிட் டேவிசும் இதே இரு சங்கிலிகளைக் கலந்துதான் ஆர்.என்.ஏ. இழைகளும் இரட்டைச் சுருளாகச் சேரும் என்று காட்டினர். மெல்லச் சூடேற்றினால் 60 டிகிரிக்கு அண்மையில் சுருள் பிரிந்து உறிஞ்சல் மீண்டும் ஏறும். தனி டைபாஸ்பேட்டுகளைக் கலந்தால் இப்படி எதுவும் நிகழாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது சங்கிலிதான் என்பதற்கு இது நேர்ச்சான்று. பாலி-ஜி கட்ட முனைவோர் மட்டும் தொல்லைப்படுவர்; குவனோசின் சங்கிலிகள் நான்கு நான்காக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால் வினை தொடக்கத்திலேயே மந்தமாகிவிடும்.

இரு வகை எழுத்துகளைக் கலத்தல்

இந்த நொதியின் உண்மையான இயல்பு, ஒன்றுக்கு மேற்பட்ட டைபாஸ்பேட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. அது எந்த இழையையும் படிப்பதில்லை. தன்னைச் சுற்றி எந்த எழுத்து, அதாவது எந்த வகை நியூக்ளியோடைடு, எவ்வளவு இருக்கிறதோ அந்த விகிதத்தில் கைக்கு வந்ததைக் கோக்கிறது. எனவே வரிசையை நம்மால் கட்டளையிட முடியாது. ஆனால் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகளில் எது எத்தனை முறை வரும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும்.

அடினோசின் டைபாஸ்பேட் 5 பங்கு, சைட்டிடின் டைபாஸ்பேட் 1 பங்கு என்று வையுங்கள். ஓரிடத்தில் ஏ வரும் வாய்ப்பு ஆறில் ஐந்து, சி வரும் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஏஏஏ என்னும் மும்மை வரும் வாய்ப்பு 216-இல் 125. ஏஏசி, ஏசிஏ, சிஏஏ ஆகிய மூன்றும் தனித்தனியே 216-இல் 25. ஏசிசி, சிஏசி, சிசிஏ ஆகியவை தனித்தனியே 216-இல் 5. சிசிசி 216-இல் 1. ஏஏஏ-வை 100 என்று கொண்டால் மற்றவை முறையே 20, 4, 0.8 ஆகும். இச்சங்கிலியைத் தூது ஆர்.என்.ஏ.யாகக் கொடுத்து, ஈ. கோலையின் செல்லற்ற சாற்றில் புரதம் உருவாக்கினால், லைசின் 100 என்ற அளவில் சேரும்போது அஸ்பரஜினும் குளுட்டமினும் தலா 20-க்கு அருகிலும், திரியோனின் 24-க்கு அருகிலும், ஹிஸ்டிடின் 4-க்கு அருகிலும், புரோலின் 5-க்குச் சற்றுக் குறைவாகவும் சேர வேண்டும். திரியோனினுக்கு ஏசிஏ, ஏசிசி என இரு மும்மைகள் இருப்பதால்தான் 20-உம் 4-உம் கூடி 24 ஆகிறது. எந்த வரிசையும் தெரியாத ஒரு சங்கிலியிலிருந்து, வெறும் விகிதத்தைக் கொண்டு, ஓர் அமினோ அமிலத்தின் குறியீட்டில் எத்தனை ஏ, எத்தனை சி என்று கண்டுபிடித்த இந்த வழி இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இதற்கு முதல் வாயிலைத் திறந்தது ஒற்றை எழுத்துச் சங்கிலிதான். அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் 1961 மே மாதத்தில் பாலி-யுவைச் செல்லற்ற சாற்றில் சேர்த்தபோது, ஃபினைல்அலனின் மட்டுமே கோத்த புரதம் உருவாயிற்று. யுயுயு என்றால் ஃபினைல்அலனின் என்று தெரியவந்தது அப்படித்தான்.

கணக்கைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. குழாயில் இட்ட விகிதமே சங்கிலியிலும் அப்படியே அமையும் என்று கொள்ளாதீர்கள்; நொதி எல்லா டைபாஸ்பேட்டுகளையும் சமமாக விரும்புவதில்லை, வினை நீளும்போது எஞ்சியிருக்கும் விகிதமும் மாறிக்கொண்டே போகும். கட்டிய சங்கிலியின் ஒரு பகுதியை 0.3 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 37 டிகிரியில் 18 மணி நேரம் வைத்தால் அது முழுவதும் தனி நியூக்ளியோடைடுகளாக உடையும். அவற்றைப் பிரித்து அளந்து கிடைக்கும் விகிதத்தையே கணக்கில் இடுங்கள்.

வார்ப்புருவைப் படிக்கும் நொதி

வரிசையை நாமே தீர்மானிக்க வேண்டுமானால் வேறு நொதி வேண்டும். செயின்ட் லூயிசில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கோர்ன்பெர்க், கதிரியக்கக் கார்பன் இட்ட தைமிடினை ஈ. கோலைச் சாற்றுடன் சேர்த்தபோது, பத்து லட்சம் எண்ணிக்கையில் ஐம்பது போன்ற மிகச் சிறிய பகுதியே அமிலத்தில் கரையாத பொருளுக்குள் போயிற்று. அதைப் பிழையென்று தள்ளாமல், டி.என்.ஏ.யை மட்டும் சிதைக்கும் நொதியைச் சேர்த்துப் பார்த்தார். அந்தச் சிறு அளவு மீண்டும் கரையும் பொருளாயிற்று. அவ்வாறு பின்தொடர்ந்து பிரித்தெடுக்கப்பட்ட நொதியே இன்று டி.என்.ஏ. பாலிமரேஸ்-1 எனப்படுகிறது, 928 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி அது. ஒச்சோவாவும் கோர்ன்பெர்க்கும் 1959-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்நொதிக்கு நான்கு டிஆக்சி டிரைபாஸ்பேட்டுகள், மக்னீசியம், படிப்பதற்கு ஒரு வார்ப்புரு இழை, அதன் மேல் இணைந்து 3' முனையைத் தரும் ஒரு பிரைமர் ஆகிய அனைத்தும் வேண்டும். பிரைமர் இன்றி அது ஒன்றும் தொடங்காது என்பதை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குவோர் முழு நொதியை விட்டுவிட்டுக் கிளனோ துண்டு எனப்படும் பகுதியைப் பயன்படுத்துவது நல்லது. 68 கிலோ டால்டன் எடையுள்ள அந்தத் துண்டில் கட்டும் திறனும், தவறாகச் சேர்த்த எழுத்தைப் பின்வாங்கி நீக்கும் திறனும் உண்டு. முன்னால் இருக்கும் இழையை 5' முனையிலிருந்து தின்னும் பகுதி நீக்கப்பட்டிருக்கும். ஒருபுறம் கட்டிக்கொண்டே மறுபுறம் தின்னும் நொதியை வைத்துக்கொண்டு விளைபொருளின் நீளத்தை அளப்பது வீண்பாடு. செல்லில் மரபணுத் தொகுதி முழுவதையும் நகலெடுப்பது பாலிமரேஸ்-1 அன்று. 1969-இல் ஜான் கெய்ர்ன்சும் பவுலா டி லூசியாவும் இந்நொதியின் செயல் ஏறக்குறைய அற்றுப்போன ஈ. கோலை வகையும் பிழைத்துப் பெருகுவதைக் காட்டினர். விநாடிக்கு ஏறக்குறைய 1,000 எழுத்து வேகத்தில் நகலெடுக்கும் டி.என்.ஏ. பாலிமரேஸ்-3 பின்னர் கண்டறியப்பட்டது. குழாயில் சிறு சங்கிலிகளைக் கட்டிப் பழகுவதற்குப் பாலிமரேஸ்-1 தாராளமாகப் போதும்.

வார்ப்புருவைத் தெரிந்தெடுக்கும்போது, பிரைமருக்கு அடுத்து வர வேண்டிய எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது டி, ஏ, ஜி, டி, சி, ஏ என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழாயில் நான்கு டிரைபாஸ்பேட்டுகளையும் இடுங்கள். இன்னொன்றில் சி வகையை மட்டும் விட்டுவிடுங்கள். வினை முடிந்ததும் அக்ரிலமைடு கூழ்மத்தில் இரண்டையும் அருகருகே ஓட்டினால், முதல் குழாயில் வார்ப்புருவின் கடைசி வரை நீண்ட இழை தெரியும். இரண்டாவதில் பிரைமரைவிடச் சரியாக நான்கு எழுத்து நீளமான இழை நிற்கும், ஐந்தாவது எழுத்துக்கு உரிய பொருள் இல்லாததால். இதே விடுபாட்டைப் பாஸ்பாரிலேஸ் குழாயிலும் செய்யுங்கள்: நான்கு டைபாஸ்பேட்டுகளில் சைட்டிடின் வகையை நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் கொடுங்கள். அங்கே சங்கிலி எந்த இடத்திலும் நிற்காமல், சி என்ற எழுத்தே இல்லாமல், நீண்டுகொண்டே போகும். இரண்டு முடிவுகளையும் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் ஒட்டி, விளைபொருள்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, முழுப்பெயரும் தேதியும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்.